சேர்ப்பதும் கேட்பதும்

பொருள்களைச் சேர்த்து வைப்பதில் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் ஆசை உண்டு. தபால் தலை சேர்ப்பவர், பழங்காசு சேர்ப்பவர், நூல் சேர்ப்பவர் என்று நம்மிடையே பலரைக் காண்கிறோம். பழங்காசு சேர்ப்பவர் அதைக் கண்ணால் பார்த்து மகிழ்ந்தால் போதும். இசைத்தட்டுச் சேர்ப்பவரின் நிலை வேறு. அலமாரியில் நிற்கும் வரை இசைத்தட்டு ஊமை. ஊசி அதன்மீது ஓடும்போதுதான் அது பேசும். அது பேசும் நேரம் முழுவதும் எதிரில் ஒருவர் அமர்ந்து கேட்கவும் வேண்டும். நாற்பது நிமிஷ இசையைக் கேட்டு முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். எத்தகைய செல்வந்தராயினும் அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ள இயலாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் பத்தாயிரம் இசைத்தட்டுகள் இருக்கின்றன என்றும், ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். நாள் தவறாமல் இரண்டு மணி நேரம் கேட்டாலும், எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டு முடிக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே இசைத்தட்டுச் சேர்ப்பவர் ஒருவரைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய கேள்வி, “உங்களிடம் எத்தனை இருக்கின்றன?” என்பதன்று, “எவ்வாறு கேட்கிறீர்கள்?” என்பதே ஆகும்.

இக்கேள்விக்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு இன்று பேச விரும்புகிறேன். அவர் ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி. அவருடைய நாவல்கள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் படிக்கப்படுகின்றன. ஆயினும் இன்று நாம் காணப்போவது எழுத்தாளர் முரகாமியை அன்று. ஜாஸ் இசையிலும் மேனாட்டுச் சாஸ்திரிய இசையிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளைச் சேர்த்த ரசிகர் முரகாமியை.

முரகாமி 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்தவர். கோபே துறைமுக நகரத்தை அடுத்த பகுதியில் வளர்ந்தவர். 1964-ஆம் ஆண்டு ஜனவரியில், அவருக்குப் பதினைந்து வயது நிறைந்த சமயத்தில், ஆர்ட் பிளேக்கி என்னும் அமெரிக்க டிரம் வித்வான் தம் குழுவினருடன் கோபேக்கு வந்தார். அக்கச்சேரிக்கு ஒரு நுழைவுச் சீட்டு முரகாமிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்தது. அன்று தொடங்கிய ஜாஸ் மோகம் வாழ்நாள் முழுவதும் தம்மை விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அக்காலத்து ஜப்பானில் இசை கேட்பது எளிதாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜாஸ், பகை நாட்டு இசை என்று விலக்கப்பட்டிருந்தது. போர் முடிந்து தடை நீங்கிய பின்பும், வெளிநாட்டிலிருந்து வரும் இசைத்தட்டின் விலை மாணவர்களுக்கும் சாதாரண ஊழியர்களுக்கும் எட்டாததாகவே இருந்தது. இக்குறையைத் தீர்த்து வைத்தவை ஜாஸ் காப்பிக் கடைகள். யோகஹாமா நகரில் 1933-இல் தோன்றிய ‘சிகுசா’ இத்தகைய கடைகளுள் பெயர் பெற்றது. கடைக்காரர் தம் பணத்தில் நல்ல இசைத்தட்டுகளையும் உயர்ந்த ஒலிபெருக்கிகளையும் வாங்கி வைத்திருப்பார். வருகிறவர் ஒரு கோப்பைக் காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்கலாம். பல கடைகளில் உரக்கப் பேசுவதற்கும் அனுமதி இல்லை. கோயிலில் அமர்ந்திருப்பவர்போல் இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்களாம். ஏழ்மையிலிருந்து பிறந்த இவ்வழக்கம் ஒரு நாட்டிற்கே கேட்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது எனலாம்.

முரகாமி கல்லூரியில் பயிலும்போதே ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். 1974-இல் அவரும் அவர் மனைவியாரும் கடன் வாங்கி, டோக்கியோவின் மேற்குப் புறத்தில் உள்ள கொகுபுன்ஜி என்னுமிடத்தில் சொந்தமாக ஒரு ஜாஸ் கடையைத் தொடங்கினர். தாம் வளர்த்த பூனையின் நினைவாக அதற்குப் ‘பீட்டர் கேட்’ என்று பெயரிட்டனர். பகலில் அது காப்பிக் கடை, இரவில் மதுக்கடை. பின்னர் 1977-இல் நகரின் நடுவே உள்ள செந்தகாயா பகுதிக்கு அதை மாற்றினர். காலை முதல் இரவு வரை ஜாஸ் கேட்டுக்கொண்டே பிழைக்கலாம் என்பதுதான் அத்தொழிலை மேற்கொண்டதற்குக் காரணம். கடையை மூடிய பின் சமையலறை மேஜையில் அமர்ந்து எழுதிய முதல் நாவலுக்கு 1979-இல் ஒரு பரிசு கிடைத்தது. 1981-இல் கடையை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். கடை போயிற்று, இசைத்தட்டுகள் அவருடன் வந்தன.

இனி அவர் கேட்கும் முறைக்கு வருவோம். நாவல் எழுதும் காலத்தில் அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஐந்தாறு மணி நேரம் எழுதுகிறார். பிற்பகலில் நெடுந்தூரம் ஓடுகிறார் அல்லது நீந்துகிறார். பிறகு படிப்பதற்கும் இசை கேட்பதற்கும் நேரம். இரவு ஒன்பது மணிக்கு உறக்கம். இவ்வாறு நாள் தவறாமல் நடந்துவருகிறதாக அவர் கூறியிருக்கிறார். இசைக்கு ஒழிந்த நேரம் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. உணவுக்கும் உறக்கத்துக்கும் இருப்பதுபோல் இசைக்கும் அவருடைய நாளில் ஓர் இடம் இருக்கிறது. வெளியூர்களுக்குப் போகும்போது பழைய இசைத்தட்டு விற்கும் கடைகளைத் தேடிச் செல்வதும் அவர் வழக்கம். பிறர் கேட்டுக் கழித்த தட்டுகளே அவருடைய அலமாரியில் மிகுதி.

இசைத்தட்டு என்னும் பொருளே கேட்பவருக்கு ஓர் ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். 1913-இல் ஆர்தர் நிகிஷ் என்பவர் பெர்லின் வாத்தியக் குழுவை நடத்திப் பதிவு செய்த பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கு எட்டுப் பக்கங்கள் தேவைப்பட்டன. ஜாஸ் வித்வான்களோ அந்த மூன்று நிமிஷத்துக்குள் தம் கற்பனை முழுவதையும் அடக்கிக் காட்டவேண்டியிருந்தது. நம் கர்நாடக சங்கீத வித்வான்களும் ஆலாபனையைச் சுருக்கி, கீர்த்தனையைத் தட்டின் அளவுக்கு வெட்டிப் பாடியது இதே காரணத்தால்தான். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்ட பின்னரே ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் இசை தங்கத் தொடங்கியது. அதன் பின்பும், ஒரு பக்கம் முடிந்தவுடன் எழுந்து சென்று தட்டைத் திருப்பிப் போடவேண்டியிருக்கிறது. இது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, “இன்னும் கேட்கிறாயா?” என்று தட்டு நம்மை வினவுகிறது. கேட்டுக்கொண்டிருப்பவன்தான் எழுந்து சென்று அதைத் திருப்பிப் போடுவான்.

செய்ஜி ஒசாவா என்ற பெயரை நேயர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். 1935-இல் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி வாத்தியக் குழுவை 1973 முதல் 2002 வரை நடத்திப் புகழ் பெற்ற ஜப்பானிய மேதை அவர். 2010-இல் நோயின் காரணமாக மேடையை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. அந்த ஓய்வுக் காலத்தில் முரகாமி தம் இசைத்தட்டுகளை எடுத்துக்கொண்டு அவருடன் உட்கார்ந்தார். இருவரும் கேட்டும் பேசியும் கழித்த பொழுதுகள் 2011-இல் ஜப்பானிய மொழியில் ஒரு நூலாக வெளிவந்தன. 2016-இல் ஆங்கிலத்திலும் வந்தது.

அந்நூலில் ஒசாவா ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்கிறார். இசைத்தட்டுச் சேர்ப்பவர்களைத் தமக்குப் பிடிப்பதில்லை என்கிறார். அவர் அறிந்தவர்களிடம் பணம் இருந்தது. விலையுயர்ந்த கருவிகளும் அலமாரி நிறையத் தட்டுகளும் இருந்தன. கேட்பதற்கு நேரம் மட்டும் இல்லை. ஒசாவாவோ ஸ்வரக் குறிப்பு ஏட்டைப் படித்து இசையை உணர்ந்தவர். இசைத்தட்டை நாடியவர் அல்லர். ஆனால் முரகாமியுடன் பேசப் பேச அவருடைய எண்ணம் மாறுகிறது. இந்த மனிதர் தட்டின் உறையைப் பற்றியோ விலையைப் பற்றியோ பேசவில்லை, உள்ளே இருக்கும் இசையைப் பற்றியே பேசுகிறார் என்பதைக் கண்டு வியக்கிறார். இதைவிடச் சிறந்த நற்சான்று ஓர் இசைத்தட்டு ரசிகருக்குக் கிடைக்குமா?

அவர்கள் எவ்வாறு கேட்டார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். பீத்தோவனின் மூன்றாவது பியானோ கான்செர்டோவை எடுத்துக்கொண்டார்கள். கான்செர்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் பெரிய வாத்தியக் குழுவும் உரையாடுவதுபோல் அமைந்த இசை. 1803-இல் வியன்னாவில் முதன்முதல் அரங்கேறிய இந்த ஒரே படைப்பைப் பல தட்டுகளில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். முதலில் 1957-இல் பெர்லினில், இருபத்து நான்கு வயது இளைஞரான க்ளென் கூல்ட், கராயான் நடத்திய குழுவுடன் வாசித்தது. பிறகு அதே கூல்ட் 1959-இல் லெனார்டு பெர்ன்ஸ்டைனுடன் வாசித்தது. அப்புறம் ருடால்ப் செர்கின் 1964-இல் பெர்ன்ஸ்டைனுடன் வாசித்ததும், அதே செர்கின் எண்பது வயதை நெருங்கிய காலத்தில் ஒசாவாவுடனேயே வாசித்ததும். பீத்தோவன் காலத்துப் பழைய வகைப் பியானோவில் வாசித்த தட்டும் ஒன்று உண்டு.

எழுதப்பட்ட ஸ்வரங்கள் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆயினும் ஒவ்வொன்றிலும் கேட்பது வெவ்வேறு உலகம். கராயான் நெடிய இசை வாக்கியங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே நோக்குடன் செலுத்துகிறார் என்பதை ஒசாவா எடுத்துக்காட்டுகிறார். கூல்ட் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையே விடும் மௌனத்தைச் சுட்டி, அதற்கு ‘மா’ என்னும் ஜப்பானியச் சொல்லைக் கையாள்கிறார். வெறும் இடைவெளியாக இராமல் பொருள் நிறைந்திருக்கும் இடைவெளிக்கு அவர்கள் மொழியில் அப்பெயர். ஒரு தட்டை மட்டும் கேட்டவருக்கு இந்த மௌனம் தென்படாது. வேறொருவர் அதே இடத்தை நிறுத்தாமல் வாசித்துச் செல்வதைக் கேட்ட பிறகே இவர் நிறுத்தியது காதில் விழும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது மிகவும் அறிமுகமான அனுபவம். ஓர் ஆங்கில வாசகத்தை நான்கு பேர் தமிழாக்கினால் நான்கும் நான்கு விதமாக இருக்கும். நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் மூலத்தில் உள்ள ஒரு சொல்லின் ஆழம் புலப்படும். முரகாமியும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. அமெரிக்க எழுத்தாளர் பலரை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர். ஜாஸ் உலகைப் பற்றிப் பில் குரோ எழுதிய நூல்களையும் அவர் பெயர்த்திருக்கிறார். ஒரே படைப்பைப் பலர் வாசித்த தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் அவருடைய பழக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் மனம் வேலை செய்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. சாஸ்திரிய இசைத்தட்டுகளைப் பற்றி 2021-இல் அவர் வெளியிட்ட நூலும் இம்முறையிலேயே அமைந்திருக்கிறது. ஏறத்தாழ நூறு படைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தம்மிடமுள்ள பல தட்டுகளை அதில் ஒப்பிட்டுக் காட்டுகிறார்.

ஜாஸ் இசையில் நிலைமை சற்று மாறுகிறது. அங்கே மூலம் என்பது ஒரு சிறு மெட்டு மட்டுமே. மற்றவை யாவும் வாசிப்பவரின் மனோதர்மம். 1930-இல் இயற்றப்பட்ட ‘பாடி அண்ட் சோல்’ என்ற பாட்டைப் பாருங்கள். 1939-இல் சாக்ஸபோன் வித்வான் கோல்மன் ஹாக்கின்ஸ் அதைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் மெட்டின் சாயலைச் சிறிது காட்டிவிட்டு, மூன்று நிமிஷத்துக்குள் அதிலிருந்து ஒரு புதிய மாளிகையையே எழுப்பிவிட்டார். 1940-இல் பில்லி ஹாலிடே அதே பாட்டைத் தம் குரலில் சோகம் ததும்பப் பாடினார். 1952-இல் ஸ்டான் கெட்ஸ் மெல்லிய நாதத்தில் வாசித்தார். இவர் முரகாமியின் உள்ளங்கவர்ந்த வித்வான்களுள் ஒருவர். 1960-இல் ஜான் கோல்ட்ரேன் அதன் சுருதி அமைப்பையே புதுப்பித்தார். ஒரு ராகத்தை நான்கு வித்வான்கள் ஆலாபனை செய்வதைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த ருசியை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? 1958-இல் டேவ் பிரூபெக் என்ற ஜாஸ் வித்வான் தம் குழுவுடன் சென்னைக்கும் வந்து வாசித்துச் சென்றார்.

ஆக, சாஸ்திரிய இசையில் ஒரே எழுத்தைப் பல கைகள் எவ்வாறு படிக்கின்றன என்று கேட்கிறோம். ஜாஸ் இசையில் ஒரே விதையிலிருந்து பல மரங்கள் எவ்வாறு முளைக்கின்றன என்று கேட்கிறோம். இரண்டுக்கும் தேவைப்படும் காது ஒன்றே. வேற்றுமையை உணரும் பொறுமையும் அந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளும் பயிற்சியும் அதற்கு வேண்டும். மீண்டும் மீண்டும் கேட்பதைத் தவிர இப்பயிற்சிக்கு வேறு வழி கிடையாது.

சேர்த்து வைத்ததன் பயன் கேட்பவரோடு முடிந்துவிடுகிறதா என்ற கேள்வியும் எழுகிறது. இதற்கும் ஒசாவாவின் கதையே விடை தருகிறது. 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நியூயார்க்கில் கூல்டும் பெர்ன்ஸ்டைனும் பிராம்ஸின் முதலாவது பியானோ கான்செர்டோவை வாசித்தனர். கூல்ட் விரும்பிய காலப்பிரமாணம் மிகவும் விளம்பமானது. பெர்ன்ஸ்டைனுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆதலால் அவர் கச்சேரி தொடங்குமுன் சபையோரை நோக்கி, இக்கருத்து தம்முடையதன்று என்றும், எனினும் கலைஞரிடம் உள்ள மதிப்பினால் அவ்வாறே நடத்தப்போவதாகவும் அறிவித்துவிட்டார். இசையுலகில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய நிகழ்ச்சி அது. அப்போது இருபத்தாறு வயது இளைஞரான ஒசாவா, பெர்ன்ஸ்டைனின் துணைவராக அங்கே இருந்தார். பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு தட்டாகவும் வெளிவந்தது.

ஒசாவா இக்கதையைச் சொல்லக் கேட்டபோதுதான், இவருடைய நினைவுகள் எழுதி வைக்கப்படாமல் போய்விடக் கூடாது என்ற எண்ணம் முரகாமிக்கு உதித்தது. உரையாடல்கள் தொடங்கியது இவ்வாறே. தட்டு சுழலச் சுழல, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒத்திகைகளும் ஆசிரியர்களின் சொற்களும் இளமையின் வறுமையும் ஒவ்வொன்றாக ஒசாவாவின் நினைவுக்கு வந்தன. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் எண்பத்தெட்டாம் வயதில் ஒசாவா காலமானார். அந்த நினைவுகளுள் பல அவருடனேயே மறைந்திருக்க வேண்டியவை. கவனித்துக் கேட்ட ஒரு ரசிகர் இருந்தமையால் அவை பிழைத்தன.

முரகாமி தம் செல்வத்தைப் பூட்டி வைக்கவும் இல்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டோக்கியோ வானொலி ஒன்றில், தம் இசைத்தட்டுகளைத் தாமே தேர்ந்தெடுத்து ஒலிபரப்பத் தொடங்கினார். 2020-ஆம் ஆண்டு மே மாதம், தொற்றுநோய்க்கு அஞ்சி மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்தபோது, அவர்களுக்கு ஆறுதலாக ஒரு சிறப்பு நிகழ்ச்சியும் நடத்தினார். தமக்குக் குழந்தைகள் இல்லை என்றும், தமக்குப் பின் தம் சேகரிப்புகள் சிதறிப் போவதை விரும்பவில்லை என்றும் கூறி, அவற்றைத் தாம் பயின்ற வசேதா பல்கலைக்கழகத்துக்கு வழங்க முன்வந்தார். அதற்கென அமைந்த நூலகம் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அங்கே இசை கேட்பதற்கென்றே ஓர் அறை உண்டு. காப்பிக் கடையில் பிறருடைய தட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர், தம்முடைய தட்டுகளைப் பிறர் கேட்க வைத்துவிட்டார். கடன் தீர்ந்தது என்றே சொல்லலாம்.

நேயர்களே, இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “பதினாயிரம் இசைத்தட்டுக்கு நாம் எங்கே போவது?” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உத்தியோகத்தின் பொருட்டுத் தாய்நாட்டு எல்லையை விட்டு வந்து, டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நாக்பூரிலும் வாடகை வீடுகளில் குடியிருப்பவர்கள் நாம். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டவேண்டியவர்கள். அலமாரி வைக்க இடமேது? ஆனால் இன்று தட்டும் பெட்டியும் இல்லாமலேயே, கோடிக்கணக்கான பாடல்கள் கைக்கருவி ஒன்றில் வந்து குவிகின்றன. சேர்க்கும் சிரமம் நமக்கு இல்லை. ஒசாவா அந்தச் செல்வந்தர்களிடம் கண்ட குறை மட்டும் இப்போது நம் எல்லோரையும் பற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாம் இருக்கின்றன, கேட்க நேரமில்லை. ஒரு பாட்டு பல்லவியைத் தாண்டுமுன் விரல் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது.

முரகாமியின் பழக்கத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை மிகவும் எளியவை. நாளில் அரை மணி நேரத்தை இசைக்கென்று ஒதுக்கலாம். அந்நேரத்தில் வேறு வேலை பார்க்காதிருக்கலாம். எடுத்ததை முடிவு வரை கேட்கலாம். ஒரே படைப்பை மூவர் வாசித்திருந்தால், ஒரு வாரத்தில் அம்மூன்றையும் கேட்டு, எங்கே வேறுபடுகின்றன என்று வீட்டாரோடு பேசலாம். அது பீத்தோவனாக இருக்கலாம், ஹாக்கின்ஸாக இருக்கலாம். நம் தோடியாகவோ காம்போதியாகவோ இருந்தாலும் முறை ஒன்றுதான். வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டு ஒன்று ஒலிக்கும்போது, எந்தக் கேள்விக்கும் வெளிவராத ஒரு நினைவு அவர் வாயிலிருந்து வெளிவரலாம். அதைக் கேட்பதற்கு நீங்கள் அப்போது அருகில் இருக்க வேண்டும்.

அண்டை வீட்டுக்காரர் வங்காளியாகவோ மராத்தியராகவோ இருப்பார். அவர் கேட்கும் இசை முதலில் நமக்கு வெறும் சப்தமாகப் படலாம். கோபே நகரத்துப் பையன் ஒருவனுக்கு அமெரிக்க டிரம் ஒலி அன்று எவ்வளவு அந்நியமாக இருந்திருக்க வேண்டும்! அவன் அந்த இசைக்குத் தன் நேரத்தைக் கொடுத்தான். நாளடைவில் அது அவனுக்குச் சொந்தமாயிற்று. வேற்றூரில் வாழும் நமக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.